சிக்னல் இல்லாத மலையிலும் ஓடும் கைபேசி நூலகம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

"கட்டாயம் வைத்திருக்க வேண்டிய செயலிகள்" என்று இணையத்தில் வரும் பட்டியல்களை எழுதுகிறவர்கள், வாசிப்பவரிடம் எந்நேரமும் வேகமான இணைப்பு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே எழுதுகிறார்கள். இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவிலும் இராகலையிலும் பொகவந்தலாவையிலும் அது நடக்காது. மலை மறைத்தால் சிக்னல் போகும். மழை பெலத்தால் கரண்ட் போகும். மாசக் கடைசியில் ரீலோட் போடக் காசு இருக்காது. அதனால் எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இணைப்பு அறுந்த பிறகும் அது வேலை செய்கிறதா என்பதைத்தான். செய்யாவிட்டால், அது எவ்வளவு கெட்டிக்காரக் கருவியானாலும் தேயிலைத் தோட்டத்துக்கு உதவாது.

கீழே இருப்பவை நான் இப்போது தினமும் பயன்படுத்துகிறவை, வாசிக்கிறவை, பார்க்கிறவை. கணினி தேவையில்லை. சாதாரண அன்ட்ரொய்ட் போன் ஒன்று, மெமரி கார்ட் ஒன்று, வாரத்தில் ஒரு தடவையாவது ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நல்ல இணைப்பில் உட்காரக்கூடிய ஓர் இடம். இவ்வளவு போதும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பின்னால் வருபவை எல்லாம் முன்னால் சொன்னதின் மேல்தான் நிற்கின்றன.

முதலில் மெமரி கார்ட்

64 ஜிபி போதும், 128 இருந்தால் நிம்மதி. ஆனால் டவுன் கடைகளில் போலி கார்ட் நிறையப் புழங்குகிறது. மேலே 128 என்று அச்சடித்திருக்கும், போனில் போட்டாலும் 128 என்றே காட்டும், உள்ளே உண்மையில் 8 ஜிபிதான் இருக்கும். அந்த 8 நிரம்பிய பிறகு நீங்கள் போடும் கோப்புகள் எல்லாம் இருப்பதுபோலத் தெரியும், திறந்தால் திறக்காது. இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, கார்டை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்ப்பது. விண்டோஸ் கணினி கிடைத்தால் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' (H2testw) என்ற சிறிய இலவச நிரலால் சோதிக்கலாம். கணினி இல்லாவிட்டால் பெரிய வீடியோக்களைக் கார்ட் நிரம்பும்வரை பிரதி செய்து, முதலில் போட்டதையும் கடைசியாகப் போட்டதையும் முழுவதும் ஓட விட்டுப் பாருங்கள். சோதித்து முடியும்வரை பில்லைத் தொலைக்க வேண்டாம்.

அடுத்தது ஃபோர்மட். பழைய கார்டுகள் 'ஃபேட்32' முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு தனிக் கோப்பை வைக்க முடியாது. பாதி இறங்கிய பிறகு "இடமில்லை" என்று வரும், ஆனால் கார்டில் இடம் ஏராளமாக இருக்கும். பலரும் போனைத்தான் குறை சொல்கிறார்கள். 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் இந்தத் தொல்லை முடிந்தது. மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால், வெறுங்கார்டிலேயே செய்துவிடுங்கள். கார்ட் போடும் இடமே இல்லாத போன் என்றால், சார்ஜ் துளையிலேயே செருகக்கூடிய ஓடிஜி பென்ட்ரைவ் இதே வேலையைச் செய்யும்.

பனியும் ஈரமும் உள்ள ஊர் என்பதால், பாவிக்காத கார்டையும் பென்ட்ரைவையும் மூடியுள்ள சின்ன டப்பாவில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது.

இரண்டாவது, கியூவிக்ஸ் (Kiwix)

எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். 2007 முதல் வளர்ந்துவரும் இலவசச் செயலி இது. ஒரு முழு இணையத்தளத்தையே ஒற்றைக் கோப்பாகச் சுருக்கி, இணைப்பு இல்லாமல் திறந்து, உள்ளே தேடி வாசிக்க வைக்கிறது. அந்தக் கோப்புக்கு 'சிம்' (ZIM) என்று பெயர். போனில் போடும் சிம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்படிச் செய்யுங்கள். கூகுள் பிளேயில் கிடைக்கும் பதிப்பைவிட, கியூவிக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கும் பதிப்பை எடுங்கள். மெமரி கார்டில் நீங்களே போட்ட கோப்புகளைத் திறப்பது அதில் இலகு. பிறகு அதே தளத்தின் பட்டியலில் தமிழ் விக்கிப்பீடியாவைத் தேடுங்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. அவ்வளவும் சில ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபி அளவில் வரும், அதை இப்போது தொட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பொதுவாக மூன்று வடிவங்கள் இருக்கும்: படங்களோடு முழுவதும், படமில்லாமல் முழுவதும், ஒவ்வொரு கட்டுரையின் முன்னுரை மட்டும். தமிழுக்கு முழுவதையும் எடுங்கள். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் இயற்பியல், வேதியியல், மருத்துவம் என்று துறைவாரியாகப் பிரித்த சிறிய கோப்புகள் உள்ளன.

இறக்குவதில்தான் புதியவர்கள் சலித்துப்போகிறார்கள். 2 ஜிபி இறங்கிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போனால், பிரவுசர் பல நேரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே பிரவுசரால் இறக்காதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் டொரன்ட் (கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் முறை) இணைப்பும் கொடுத்திருக்கிறார்கள். டொரன்ட் செயலி விட்ட இடத்திலிருந்து தொடரும், இறங்கிய கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று தானே சரிபார்க்கும். நள்ளிரவுக்குப் பிறகு மலிவான டேட்டா தரும் பெக்கேஜ் இருந்தால், போனைச் சிக்னல் உள்ள ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

சாதாரண தரமோ உயர்தரமோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதே பட்டியலில் 'ஃபெட்' (PhET) என்பதையும் எடுங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் செய்த அறிவியல் பாவனைகள் அவை. மின்சுற்றைக் கையால் இணைத்துப் பார்க்கலாம், ஊசலின் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம், அமிலத்தை ஊற்றி பிஎச் மாறுவதைப் பார்க்கலாம். ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியவில்லை. பாடநூல்களை எங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களமே தன் தளத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகத் தருகிறது. தமிழ்மொழிமூல நூல்களை வகுப்புவாரியாக இறக்கி அதே கார்டில் போட்டுவிடுங்கள்.

விக்கிப்பீடியாவில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பாடநூல் 'ஒட்சிசன்' என்று எழுதுவது தமிழ்நாட்டார் எழுதிய கட்டுரையில் 'ஆக்சிசன்' என்று இருக்கும். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.

கியூவிக்ஸில் பலர் திறந்தே பார்க்காத ஒரு வசதி இருக்கிறது. உங்கள் போனை ஹொட்ஸ்பொட் ஆக்கி, உள்ளேயிருக்கும் கோப்புகளைச் சுற்றியுள்ள போன்களுக்குப் பரிமாறலாம். செயலி ஒரு முகவரியைத் திரையில் காட்டும். பக்கத்துக் காம்பிராவில் (லயத்து அறையில்) இருக்கிறவர் உங்கள் ஹொட்ஸ்பொட்டில் சேர்ந்து, தன் பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் போதும். அவர் போனில் செயலியும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஒருவர் இறக்கியதை ஒரு லயமே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள் முழுவதுமே, வாசிக்கலாம்.

மூன்றாவது, நம்முடைய புத்தகங்கள்

2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் எழுத்துகளை ஸ்கான் செய்து இலவசமாகத் தருகிறது. நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் என்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. மலையகம் பற்றியும் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக எண் கொடுத்திருப்பார்கள். பிடித்ததைக் கண்டால் அந்த எண்ணை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குச் சொல்லவும் மறுபடி தேடவும் அது நீண்ட தலைப்பைவிட வசதி.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இரண்டு பெயர்கள் தருகிறேன்: சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப். இருவரும் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்து வாழ்க்கையை எழுதியவர்கள். இந்தப் பெயர்களைத் தேடி, கிடைக்கும் ஆக்கங்களில் சிறியதாக ஒன்றை முதலில் இறக்குங்கள். பழந்தமிழ் இலக்கியம் வேண்டுமென்றால் 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்குப் போங்கள். அங்கே ஸ்கான் இல்லை, தட்டெழுதிய பாடம். அதனால் கோப்புகள் சிறியவை, உள்ளே தேடவும் முடியும்.

ஸ்கான் செய்த பிடிஎஃப் கோப்பைச் சிறிய திரையில் வாசிப்பது கண்ணுக்கு வேதனை. பெருப்பித்தால் வரி வெளியே ஓடும், ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். இதற்கு 'கேஓரீடர்' என்ற இலவச வாசிப்புச் செயலியைப் பரிந்துரைக்கிறேன். அதன் அமைப்புகளில் 'ரீஃப்ளோ' என்று ஒன்று உண்டு. ஸ்கான் பக்கத்தின் படத்தையே சொல் சொல்லாக வெட்டி, உங்கள் திரை அகலத்துக்கு அடுக்கித் தரும். பக்கம் திரும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும், பழைய மங்கலான அச்சில் சில இடங்களில் குழம்பும், ஆனால் ஒரு முழு நாவலைப் போனில் வாசித்து முடிக்க முடிவது இதனால்தான். செயலியின் தோற்றம் முதல் நாளில் முரடாக இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

டியூசனிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் வேர்ட் கோப்பு "jkpo;" மாதிரி ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தால், அது பழுதான கோப்பு அல்ல. பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசத் தளங்கள் பல இருக்கின்றன. ஒட்டி, மாற்றி, சேமித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒரு நாவலும் ஒரு தொடரும்

அறிவியல் புனைவு நமக்குத் தூரமான சங்கதி என்று நினைக்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் நாவல், நல்லதண்ணிக்கு மேலே நிற்கும் சிவனொளிபாதமலையில் நடக்கிறது. ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவர் 1979இல் வெளியிட்ட 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' ஹியூகோ, நெபியுலா என்ற இரண்டு பெரிய விருதுகளையும் பெற்றது. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்ட ஒரு பொறியியலாளர் வருகிறார். அதற்குப் பொருத்தமான இடம் உலகத்திலேயே ஒரு மலை உச்சிதான். அங்கே பிக்குகள் இருக்கிறார்கள், அவர்கள் இறங்க மறுக்கிறார்கள். லிஃப்ட் பூமத்திய ரேகையில்தான் நிற்க முடியும் என்பதால், கிளார்க் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, 2,243 மீற்றர் மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கி, தப்ரபேன் என்ற பழைய பெயரையும் கொடுத்துவிட்டார். சிகிரியா இதில் யக்ககல. பருவகாலத்தில் மலையேறியவர்களுக்கு, வண்ணத்துப்பூச்சிகள் வரும் பக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலம் கடினமாக இருந்தால், தொடங்குமுன் கியூவிக்ஸில் புவிநிலைச் சுற்றுப்பாதை பற்றிய கட்டுரையை வாசியுங்கள். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், பூமி ஒரு தடவை சுழல எடுக்கும் அதே நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. கீழேயிருந்து பார்த்தால் அது அசையாமல் ஓரிடத்தில் நிற்கும். லயத்துக் கூரையிலிருக்கும் டிஷ் அன்டெனாவை ஒரு தடவை பூட்டினால் பிறகு திருப்ப வேண்டியதில்லையே, காரணம் இதுதான். அந்தப் பாதையில் மூன்று செயற்கைக்கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதியவரும் இதே கிளார்க். நாவலின் லிஃப்ட் அந்த உயரத்திலிருந்து இறக்கிய கயிறுதான். இவ்வளவு புரிந்தால் கதையின் பாதி கைக்குள் வந்துவிடும். நூல் இன்னும் காப்புரிமையில் இருக்கிறது. விலைக்கு வாங்குங்கள், அல்லது பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

தொடர் என்றால் 'த எக்ஸ்பேன்ஸ்'. 2015 முதல் 2022வரை ஆறு பருவங்களாக வந்தது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நாவல்கள் அதற்கு மூலம். விண்கலத்துக்குள் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது, எஞ்சின் அணைந்தால் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு மரியாதையோடு காட்டிய தொடர்கள் குறைவு. ஆனால் நான் மலையகத்தவர்களிடம் இதைப் பாருங்கள் என்று விடாமல் சொல்வதற்குக் காரணம் பெல்டர்கள்.

செவ்வாய்க்கு அப்பால் உள்ள சிறுகோள்களில் சுரங்க வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள். தோண்டுவதெல்லாம் பூமிக்கும் செவ்வாய்க்கும் போகிறது. குடிக்கும் தண்ணீரும் மூச்சுவிடும் காற்றும் வேறு யாரோ அளந்து கொடுப்பது. தண்ணீர் சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டியாக வர வேண்டும், அந்தக் கப்பல் வராவிட்டால் பங்கீடு குறையும். அவர்களுக்கென்று ஒரு பேச்சுமொழியையே நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் இந்தத் தொடருக்காக உருவாக்கினார். பீலிக்கரையில் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்களும், மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்டு வளர்ந்தவர்களும் இந்தக் காட்சிகளை வெறும் கற்பனையாகப் பார்க்க மாட்டார்கள். நானும் அப்படிப் பார்க்கவில்லை.

முதல் மூன்று அத்தியாயங்கள் பெயர்களும் இடங்களுமாகக் குழப்பும். நான்காவது வரை பொறுங்கள். வன்முறையும் கெட்ட வார்த்தைகளும் உள்ளதால் சிறுபிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். பிரைம் வீடியோ செயலியில் குறைந்த தரத்தில் இறக்கி வைத்து, டேட்டா இல்லாமல் பார்க்கலாம். இறக்கியவற்றுக்குக் காலவரையறை உண்டு என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று அத்தியாயங்கள் போதும்.

ஐந்தாவது, வானம்

'ஸ்கை மேப்' இலவசம், இணைப்பு வேண்டாம். போனை வானத்துக்குக் காட்டினால் அந்தப் பக்கத்தில் உள்ள விண்மீன்களின் பெயர் வரும். அது தப்பான திசையைக் காட்டினால் தகரக் கூரையிலிருந்து தள்ளி வெளியே வந்து, போனைக் காற்றில் எட்டு வடிவத்தில் நாலைந்து தடவை சுழற்றுங்கள். இரும்பு அருகில் இருந்தால் போனின் திசைகாட்டி குழம்பும். மலிவான சில போன்களில் திசைகாட்டியே இருக்காது. அப்படியானால் கையால் தள்ளிப் பார்க்கும் முறையில் பயன்படுத்தலாம்.

ஜனவரி முதல் மார்ச்வரை, பனி விலகும் இரவுகள் நல்லவை. ஜனவரி, பெப்ரவரியில் ஓரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும், அங்கிருந்து தொடங்குங்கள். நுவரெலியா ஏறக்குறைய 7 பாகை வடக்கில் இருப்பதால் துருவ விண்மீனும் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கில் மலை இருந்தால் அது தெரியவே தெரியாது. தெற்குச் சிலுவை தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே திறந்த இடமாகப் பாருங்கள். டோர்ச்சில் சிவப்புச் செலோபன் தாள் சுற்றினால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. தேயிலை மலைக்குள் தனியாகப் போக வேண்டாம், சிறுத்தை நடமாடும் இடங்கள் அவை. தோட்டத்து மைதானமே போதும்.

ஆறாவது, வரைபடம்

'ஓர்கானிக் மேப்ஸ்' போட்டு இலங்கை வரைபடத்தை ஒரு தடவை இறக்கினால், பிறகு டேட்டாவும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் சிக்னல் இல்லாத மலையிலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். அந்தப் புள்ளியை அழுத்தினால் அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் எண்களாக வரும். இதை வீட்டில் எல்லாருக்கும் பழக்கிவையுங்கள். இரவில் 1990 அம்புலன்ஸை அழைக்கும்போதோ, மண்சரிவு பயத்தில் 117க்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அழைக்கும்போதோ, "மேல் டிவிஷன், பழைய லயம்" என்று சொன்னால் வெளியூர்க்காரருக்குப் புரியாது. எண்கள் புரியும்.

இந்த வரைபடத்தின் தரவு 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருகிறது. அதை யாரும் திருத்தலாம். நம் தோட்டங்களைத் திறந்து பார்த்தால் பிரதான வீதியும் ஃபெக்டரியும் இருக்கும். லயங்கள் பல இடங்களில் பெயரில்லாத பெட்டிகளாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வீட்டுக்கு வீடு முகவரி இல்லாமல், கடிதம் தோட்ட ஒபிஸுக்குப் போகும் ஊர்கள் இன்னும் இருக்கும்போது, இது சின்ன விசயம் அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது நினைவிருக்கும். எந்த இடத்தில் எந்த லயம் நின்றது என்பது அப்படியான நேரத்தில் முதலில் தேவைப்படும் தகவல்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசமாக ஒரு கணக்குத் திறந்து, 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' செயலியிலிருந்து தொடங்குங்கள். நடந்துபோகும் வழியில் அது சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும்: இந்தப் பாதை கொங்கிரீட்டா மண்ணா, இங்கே படி உண்டா, இந்தக் கட்டடம் என்ன. பதில் சொன்னால் வரைபடம் திருந்தும். கை பழகிய பிறகு தோட்டத்துப் பாடசாலை, கோயில், பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்), பிரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் இடம்), தண்ணீர்ப் பீலி என்று இடங்களைச் சேர்க்கலாம். தமிழ்ப் பெயருக்கென்று தனிப் புலம் இருக்கிறது, லபுக்கலையை லபுக்கலை என்றே தமிழில் எழுதுங்கள். டிவிஷன்களுக்கு ஆட்கள் வழங்கும் பெயர்கள் ஒபிஸ் ஏட்டில் இருப்பதிலிருந்து மாறுபடும் என்பதால், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது. கூகுள் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி செய்யக்கூடாது, அது காப்புரிமை மீறல். நீங்கள் நேரில் கண்டதை மட்டும் எழுதுங்கள், தனிவீடுகளில் குடியிருப்பவர் பெயரை எழுத வேண்டாம்.

நீங்கள் செய்த திருத்தம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் சீக்கிரமே தெரியும். ஓர்கானிக் மேப்ஸில் அது வர அடுத்த வரைபடப் புதுப்பிப்பு வெளியாக வேண்டும். வந்ததும் டவுன் போகும் நாளில் இலங்கை வரைபடத்தை மறுபடி ஒரு தடவை இறக்கிக்கொள்ளுங்கள்.